வெறும் ஊசிக்காரனும் ஒரு மடியும்

ஊசி போடுகிறவனுக்கு நம் ஊரில் என்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஊசிக்குள் மருந்து இருக்கவேண்டும்.

அந்த மருந்துதான் என்னிடம் இல்லை. எழுபதுகளில் செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து கொளவாய் ஏரிப் பக்கம் திரும்புகிற ஒரு சந்தில், சின்ன தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெயரை ஊரில் ஒருத்தரும் முழுசாகச் சொன்னதில்லை. உருவி விடுகிறவர், கரண்டு வைக்கிறவர், கால் பழக்குகிறவர் என்று ஆளுக்கொரு பட்டம். எங்கள் டாக்டர் தன் வெளிநாட்டு சிநேகிதர் ஒருவரிடம் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து எனக்கும் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு எல்லாப் பட்டமும் போய் ஒன்றே ஒன்று நிலைத்தது: வெறும் ஊசிக்காரன்.

வித்தை பெரிசாக ஒன்றுமில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்துபோனால் எலும்பு மட்டும் வலிப்பதில்லை. மூட்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சுற்றியிருக்கிற சதையெல்லாம் இறுகி, அங்கங்கே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். விரலால் தேடி அந்த முடிச்சைப் பிடித்து மருந்தில்லாத ஊசியை இறக்கினால், சதை வெடுக்கென்று ஒரு துள்ளு துள்ளிவிட்டுத் தளரும். வலி குறையும், கால் கொஞ்சம் கூடுதலாக மடங்கும். தேய்ந்த எலும்பு தேய்ந்ததுதான். அதை ஊசியாலும் ஒன்றும் செய்ய முடியாது, என்னாலும் முடியாது. இதை வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது. நீங்கள் செய்கிற வேலைக்கும் ஊரில் பெயர் கிடையாது, அது என்ன வேலை என்று கல்யாண வீட்டுப் பந்தியில் விளக்கம் சொல்லி அலுத்துப் போனவர் என்றால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

மருந்து எங்கே?

டாக்டரின் உதவியில்லாமல் நான் தனியாக ஊசி போட்ட முதல் ஆள் மதுராந்தகத்து நெல் மண்டிக்காரர் ஒருவர். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டிக்கு நடுவில் தலையணை வைத்து, பின்புறச் சதையில் முடிச்சைத் தேடிப் பிடித்தேன். மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போடு நைனா, நல்லா பெரிய ஊசியா போடு" என்று உற்சாகமாகத்தான் இருந்தார். ஊசியை இறக்கினேன். சதை துள்ளியது. எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

என் கையில் ஊசி மட்டும்தான் இருந்தது. கண்ணாடிக் குழாய் இல்லை, குப்பி இல்லை. மருந்து எங்கே என்றார். மருந்து கிடையாது, ஊசி மட்டும்தான் வைத்தியம் என்றேன். எழுந்து நின்றார். வரும்போது கைத்தடியோடு வந்தவர் இப்போது தடியை மறந்துவிட்டு நிற்கிறார் என்பதை நான் சுட்டிக்காட்டியும் அவர் சமாதானமாகவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"நான் நெல்லு விக்கறவன்பா. வெறும் கோணிய தூக்கி எதிர்ல வெச்சி, இதான் மூட்டைன்னு சொன்னா, நீ வாங்கிக்குவியா?"

வைத்தியநாதன் சார் கேட்டது

இடுப்பு வலிக்காரர்கள் யாரும் வலி போகவேண்டும் என்று வருவதில்லை. இது நான் அனுபவத்தில் கண்டது. அவர்களுக்கு ஏதோ ஒன்றைச் செய்யவேண்டும், செய்ய முடியவில்லை, அதற்காகத்தான் வருவார்கள். ஒருத்தருக்கு சைக்கிளில் காலைத் தூக்கிப் போடவேண்டும். ஒருத்தருக்குப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். திருக்கழுக்குன்றத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் வைத்தியநாதன் கேட்டதுதான் நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்காதது.

அவருடைய ஒரே பெண் ஜயந்திக்கு ஆவணியில் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில், முகூர்த்தத்தின்போது அப்பா நெல் மூட்டைமேல் உட்காரவேண்டும். அப்பாவின் மடியில் பெண் உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். வைத்தியநாதன் சாருக்கோ வலது இடுப்பு தேய்ந்து, நாற்காலியிலேயே ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்கார முடியும். மடியில் ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்தாலும் உயிர் போகும். அவரால் முடியாவிட்டால், தாரை வார்த்துக் கொடுக்க மெட்ராஸில் இருக்கிற தம்பி தயாராக இருக்கிறார்.

"அதனாலென்ன சார், தம்பிதானே, கொடுக்கட்டுமே" என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். ஜயந்திக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவள் அம்மாவுக்குக் காசநோய். குழந்தையைப் பக்கத்தில் விடக்கூடாது என்று தம்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பிக்குக் குழந்தையில்லை. அம்மாவுக்கு உடம்பு தேறி, திருப்பி அழைத்துவரப் போனபோது தம்பி மனைவி அழுத அழுகையில் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். பெண் அங்கேயே படித்து, அங்கேயே வளர்ந்து, இங்கே லீவுக்கு வந்துபோகிறவளாக ஆகிவிட்டாள். இதையெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில் சொன்னார். கடைசியில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது:

"அவ என் மடியில உக்காந்தது அஞ்சு வயசோட சரி சார். இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கி இருக்கு. அதையும் தம்பிக்குக் குடுக்க நேக்கு மனசு வரலை."

சிவப்புக் குப்பி

எங்கள் பிரிவில் நானும் ஆயா ஆதிலட்சுமியும்தான். ஊசிகளை வெந்நீரில் கொதிக்கவைப்பது, ஒத்தடம் கொடுப்பது, வருகிறவர்களை அதட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள். என்னையும் சேர்த்துத்தான் அதட்டுவாள். திடீரென்று ஒரு வாரமாக ஒருத்தரும் என்னிடம் மருந்து எங்கே என்று கேட்கவில்லை. ஆஹா, ஜனங்களுக்கு விஞ்ஞானம் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அப்புறம்தான் கவனித்தேன். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, நட்டநடுவில் சிவப்பாக ஒரு குப்பி. டாக்டர் அறையில் இருந்த சத்து ஊசி மருந்து. படுத்திருக்கிறவர்களின் கண்ணுக்கு நேராக அதை வைத்து, ஊசி போடும்போது அதைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு நகர்வாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. தொடுவாள், அவ்வளவுதான். வைத்தியநாதன் சார்கூட அந்தக் குப்பியைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு நன்னா இறங்கித்து சார்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது ஏமாற்று வேலை இல்லையா என்று குப்பியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கே நாலு பேர் மருந்து எங்கே என்று கேட்டார்கள். ஆதிலட்சுமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்:

"அத்த கண்ணால பார்த்தா பாதி வலி போவுதுன்னா, இன்னாத்துக்கு சார் பூட்டி வெச்சிகினு கீற?"

கட்டுமரம்

மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கன்னியப்பன் வருவார். மீன் பிடிக்கிறவர், அவருக்கும் இடுப்புதான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மேலேயிருந்து ஒருத்தர் கீழேயிருந்து ஒருத்தர் பிடிக்கவேண்டும். கட்டுமரத்தில் மண்டி போட்டுத்தான் துடுப்புப் போடவேண்டுமாம். மண்டி போட முடியாததால் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலைக்குக் கண்ணி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் வைத்தியநாதன் சாரும் ஒரே நாளில் வருவார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள். ஒருத்தர் மடியைப் பற்றிப் பேசுவார், ஒருத்தர் மரத்தைப் பற்றிப் பேசுவார். இரண்டு பேரும் மற்றவர் சொல்வதைக் கேட்ட மாதிரியே தெரியாது. ஆனால் ஒருத்தர் வராத நாளில் மற்றவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சில வாரங்களில் கன்னியப்பனுக்குக் கால் நன்றாகத் தளர்ந்தது. ஆஸ்பத்திரி பாயில் மண்டி போட்டார். மரத்தில் முடியுமா என்று தெரியவேண்டும், நீ வந்து பார்த்தால்தான் ஆச்சு என்று ஒரே பிடிவாதம். ஒரு லீவு நாளில் போனேன். கடற்கரைக் கோயில் பக்கம் வெள்ளைக்காரர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி, குப்பத்து மணலில் ஏற்றிப் போட்டிருந்த மரத்தின்மேல் கன்னியப்பன் மெல்ல ஏறினார். ஒரு முட்டியை வைத்தார். அடுத்த முட்டியையும் வைத்தார். துடுப்பை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

சரி, பார்த்தாயிற்று, இறங்குங்கள் என்றேன். இறங்கவில்லை. இது மணல், அலையில் மரம் ஆடும்போது மூட்டு தாங்காது, கடலுக்குப் போகக்கூடாது, இவ்வளவுதான் என்னால் முடிந்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் சம்சாரம் வந்து கூப்பிட்டாள், மச்சான்கள் வந்து கூப்பிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. துடுப்பை விடாமல் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"நான் போவல சார், போவ மாட்டேன். தண்ணி அதுவா மேல வந்து தூக்கிகினு போனா போவட்டும், அதுவரிக்கும் இப்டியே குந்திகினு இருக்கேனே."

எந்த பஸ்?

ஊரார் மடிக்கும் மரத்துக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி இறந்தபோது மகள் செல்வி இன்னும் பேசக்கூட ஆரம்பிக்காத குழந்தை. அச்சரப்பாக்கத்தில் என் அக்கா, "ஆம்பள நீ தனியா என்னடா பண்ணுவே" என்று தூக்கிக்கொண்டு போனாள். நன்றாகத்தான் வளர்த்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவேன். சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஊரில் எல்லோரும் என்னைப் பொறுப்பான தகப்பன் என்றுதான் சொன்னார்கள்.

இப்போது செல்விக்கு ஐந்து முடிந்திருந்தது. இங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டுவிடட்டுமா என்று அக்கா கேட்டாள். பார்க்கலாம்க்கா என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்வது? நான் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதை ஒருநாள் ஆதிலட்சுமியிடம் புலம்பியபோது, "இட்டுகினு வா சார், எதிர்லியே இஸ்கூலு கீது, நான் பார்த்துக்க மாட்டனா" என்றாள். வாய்ப்பேச்சு என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம். ஒரு நாள் அப்பனாக இருப்பது எனக்குத் தெரியும். மிச்ச ஆறு நாளைக்கு எப்படி இருப்பது என்று தெரியாது.

செல்வி என்னைப் பார்த்ததும் ஓடிவருவாள், பிஸ்கட்டை வாங்கிக்கொள்வாள், சமர்த்தாகப் பக்கத்தில் உட்காருவாள். கேட்கிற கேள்வி மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றேதான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள்:

"அப்பா, நீ எந்த பஸ்ஸுக்குப் போவே?"

கனம்

வைத்தியநாதன் சாருக்கு ஆடி மாதத்துக்குள் நல்ல முன்னேற்றம். தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்தார். சரி, ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வெறும் கோணி என்று என்னைத் திட்டினாரே மதுராந்தகத்து மண்டிக்காரர், அவர் அதற்குள் என் நிரந்தர நோயாளி ஆகியிருந்தார். ஒரு நெல் மூட்டை இரவல் வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். 'இந்தக் கோணியில் நெல் இருக்கிறது' என்று குத்தலாகச் சொல்லி வண்டியில் அனுப்பிவைத்தார்.

மூட்டையைப் படுக்கவைத்து அதன்மேல் வைத்தியநாதன் சாரை உட்காரவைத்தோம். மடியில் தவிட்டு மூட்டை ஒன்றை வைத்தாள் ஆதிலட்சுமி. முகம் லேசாகச் சுளித்ததே தவிர, தாங்கினார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா சாமி?" என்று இன்னொரு சின்ன மூட்டையைத் தூக்கினாள். வையுங்கோ என்றார். அதையும் தாங்கினார். வேடிக்கை பார்க்க வார்டிலிருந்தெல்லாம் கூட்டம் கூடிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் கைதட்டினார்.

ஒத்திகை என்றால் சரியாக இருக்கவேண்டுமல்லவா? பொண்ணு எவ்வளவு கனம் இருக்கும் சார், அதுக்குத் தக்கபடி வெச்சுப் பார்ப்போம் என்றேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் மடிமேலிருந்த தவிட்டு மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். சின்னக் குழந்தையாக இருந்தபோது எப்படி இருப்பாள் என்று கையை ஒரு அளவுக்கு வைத்துக் காட்டினார். பிறகு கை அப்படியே நின்றுவிட்டது:

"தெரியலையே சார். என் பொண்ணு எவ்வளவு கனம் இருப்பான்னு நேக்குத் தெரியலையே."

தம்பி

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் தம்பி சந்தானம் மெட்ராஸிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். பாங்க்கில் வேலை, அதிராத பேச்சு. சண்டைக்கு வருவார் என்று நான் மனசுக்குள் கோதாவில் இறங்கித் தயாராக இருந்தேன். மனுஷர் தங்கமாக இருந்தார். அண்ணாவால் நிஜமாகவே உட்கார முடியுமா, பாதியில் முடியாமல் போனால் சபையில் அவருக்கு அவமானமாகிவிடுமே என்பதுதான் அவர் கவலை. உத்தரவாதம் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். எலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான், வலியைத்தான் கொஞ்ச நாளைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்றேன்.

ஜயந்தியை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர். அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது அவர். அவருக்கும் அந்த மடி ஆசை இருக்காதா? இருந்தது, கண்ணில் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. நான் அவசரப்பட்டு, "அப்படியே முடியாமப் போனாலும் நீங்க இருக்கீங்களே சார்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அதுதான் சார் கஷ்டம். நான் உக்காந்தா அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அது அண்ணாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார்."

கால் கேட்டது

எங்கள் தொழிலில் இருக்கிற எல்லா அபாயத்திலும் பெரிய அபாயம் நோயாளிக்கு வலி குறைவது. குறைந்தால் போயே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வைத்தியநாதன் சார் ஜட்கா வண்டியில் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கூட அவர் மனைவி, அழுது வீங்கிய கண்ணோடு. என்ன ஆயிற்று என்றால், கல்யாணப் பத்திரிகையை மலைமேல் சுவாமிக்கு வைக்கவேண்டும் என்று திருக்கழுக்குன்றத்து மலையை ஏறியிருக்கிறார். அத்தனை படியையும்! மலையே கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, வருஷக்கணக்காக அடிவாரத்தில் நின்று கும்பிட்டவர்.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். நான் என்ன மலை ஏறவா ஊசி போட்டேன், சுவாமிக்குப் பத்திரிகை தபாலில் போனால் ஆகாதா, இத்தனை நாள் உழைப்பும் பாழ் என்று தலையில் அடித்துக்கொண்டேன். தொட்டுப் பார்த்தால் சதையெல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. ஆதிலட்சுமி என் மேஜையிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்து சிவப்புக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கு எனக்கும் அது தேவைப்பட்டது. வைத்தியநாதன் சார் வாத்தியாரிடம் பிடிபட்ட பையன் மாதிரி படுத்திருந்தார்:

"கோச்சுக்காதேங்கோ சார். ரொம்ப வருஷம் கழிச்சு கால், 'போலாமா'ன்னு கேட்டுது. மாட்டேன்னு சொல்ல மனசு வரலை."

ரெண்டு மூட்டை

நாள் இல்லை. மெதுவாக, நாளுக்குக் கொஞ்சமாக முடிச்சுகளை அவிழ்த்தேன். நடக்காதே, குனியாதே, படுத்துக் கிட என்று உத்தரவு போட்டேன். அப்படியும் பழைய அளவுக்குக் கால் மடங்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். கால் மடங்காவிட்டால் ஆசனத்தை உயர்த்தவேண்டியதுதான். ஒரு நெல் மூட்டைக்குப் பதிலாக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூட்டை போட்டால் இடுப்பு அவ்வளவு மடங்கவேண்டாம்.

ஆனால் சடங்கில் நான் கைவைக்க முடியுமா? கல்யாணத்துக்கு முன்தினம் பந்தலிலேயே சாஸ்திரிகளைப் பிடித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வயதானவர், கண்டிப்பானவர் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வைத்தியநாதன் சார் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார்:

"நெல் மேல உக்காரணும்னுதான் வழக்கம். எத்தனை நெல்லுன்னு எவனும் எண்ணினதில்லை. போடுங்கோ ரெண்டை."

முகூர்த்தம்

திருக்கழுக்குன்றத்தில் அவர் வீட்டு வாசலிலேயே பந்தல். நான் ஊசிப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். கன்னியப்பனும் வந்திருந்தார், வெள்ளை வேட்டியில். வைத்தியநாதன் சாரை இரண்டு மூட்டைமேல் உட்காரவைத்தார்கள். தம்பி சந்தானம் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு தயாராகப் பின்னால் நின்றார். முடியாவிட்டால் என்று வாயால் யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். கூறைப்புடவையில் ஜயந்தி வந்தாள், அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் வலியே இல்லை. அடேயப்பா, நாம் ஜெயித்துவிட்டோம் என்று பெருமிதத்தோடு அவள் காலைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் முகத்தைவிடக் காலைத்தான் முதலில் பார்ப்போம்.

குதிகால் இரண்டும் தரையில் இல்லை. புடவைக்குக் கீழே விரல்களை ஊன்றி, தன் கனத்தையெல்லாம் தானே தாங்கிக்கொண்டு, மடியைத் தொட்டும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வலிக்கக்கூடாதே என்று அவளாகவே செய்த காரியம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் மடிக்குத் தெரியாமல் இருக்குமா? வைத்தியநாதன் சார் அவள் காதருகே குனிந்தார். மேளக்காரர் கை ஓங்கிக்கொண்டு காத்திருந்த நேரம், பந்தலே அமைதியாக இருந்தது. அதனால் எனக்கும் கேட்டது:

"முழுசா உக்காரும்மா. பாதி பாதியா வந்ததெல்லாம் போறும்."

ஜயந்தியின் குதிகால் இரண்டும் மெல்லத் தரைக்கு வந்தன. அவர் முகம் வெளுத்தது. என் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அதற்குள் சந்தானம் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, தன் தோளை அண்ணாவின் முதுகுக்குக் கொடுத்துவிட்டார். அப்படியே மூன்று பேருமாகத்தான் அந்தத் தாலியை வாங்கிக்கொண்டார்கள். கெட்டிமேளம் முழங்க, வைத்தியநாதன் சார் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் வலி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. அட்சதை போட்டுவிட்டு வெளியே வந்து, யாரும் பார்க்காமல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

ஊருக்கெல்லாம் மருந்தில்லாமல் குத்திக்கொண்டிருந்தவனை அன்றைக்கு ஒருவர் ஊசியே இல்லாமல் குத்திவிட்டதன் பலன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்துக்கு ஒரு டிக்கெட்டில் போன நான் திரும்பும்போது ஒன்றரை டிக்கெட் கேட்டேன்.